உறை போட்ட பேக்கப் பெட்டி

தேவநாதன் வீட்டுக்கு மொத தடவ போறவங்க சோபாவுல உக்காந்ததும் திடுக்குன்னு எழுந்திரிப்பாங்க. அப்படி ஒரு சரசரப்புச் சத்தம். கடைக்காரன் போட்டு அனுப்புன பிளாஸ்டிக் கவரை வருஷக்கணக்கா கழட்டாம வச்சிருக்காரு மனுஷன். டிவி ரிமோட்டுக்குப் பாலித்தீன் பை, அது நழுவாம இருக்க ரப்பர் பேண்டு. பிரிட்ஜ் கைப்பிடிக்கு ஒரு துண்டு. ஸ்கூட்டர் சீட்டுக்கு ஒரு உறை, அந்த உறை கிழிஞ்சிடக் கூடாதேன்னு அதுக்கு மேல இன்னொரு உறை.

அவரு பொண்டாட்டி பவானி வாய்க்காரி. "எங்க மாமா கல்யாணத்துக்குக் குடுத்த டின்னர் செட்டு இன்னும் அட்டப்பொட்டியோட பரண்ல கெடக்குது. எப்பங்க எடுக்கப் போறீங்க? நம்ம பதினாறாம் நாள் காரியத்துக்கா?"ன்னு வந்த விருந்தாளி முன்னாடியே கேப்பாங்க. தேவநாதன் கோவிச்சுக்க மாட்டாரு. "இருக்கட்டுமே, சோறா கேக்குது?"ன்னு சொல்லிட்டுப் பேப்பரைப் பிரிச்சுக்குவாரு.

பொறந்து வளந்ததெல்லாம் திருப்பாதிரிப்புலியூர். அப்பா குழாய் ஃபிட்டர், வேலையில இருக்கும்போதே போயிட்டாரு. வாரிசு வேலையா கெடச்சதுதான் இந்த கிளார்க் உத்தியோகம். எந்த நகராட்சின்னு கேக்காதீங்க. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவுல எங்கியோ ஒண்ணுன்னு வச்சுக்குங்க. பேரைச் சொன்னா நாளைக்கு எவனாவது வந்து என் சட்டையப் புடிப்பான், நமக்கு எதுக்கு வம்பு?

வேலைக்குச் சேந்த புதுசுல ஸ்டோர் பொறுப்பை இவரு தலையில கட்டுனாங்க. அப்ப ஒரு ஜெராக்ஸ் மிஷின் இவரு கையில இருக்கும்போது புட்டுக்கிச்சு. யாரு கெடுத்தாங்கன்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஆனா அப்ப இருந்த மேனேஜர் ஆபீஸ் பூரா கேக்குற மாதிரி, "உங்கப்பன் செத்து வந்த வேலைய்யா இது, ஒரு மிஷினக் காப்பாத்தத் துப்பில்லயா?"ன்னு கத்திட்டான். அந்தப் பேச்சு நெஞ்சுல முள்ளா தங்கிடுச்சு. அன்னையிலேர்ந்துதான் இந்த உறை வியாதி. ஆபீஸ்ல எது புதுசா வந்தாலும் இவரு கை பட்டா மூடிதான் இருக்கும். "கவர் வாங்குற ஆளுங்களப் பாத்துருக்கோம், கவர் போடுற ஆளு நம்ம தேவநாதன் ஒருத்தருதான்"னு பசங்க கிண்டல் பண்ணுவாங்க. கை சுத்தம், அது வாஸ்தவம். ஒரு டீக்குக் கூட அடுத்தவன் பாக்கெட்டுல கை விட்டதில்ல.

இப்படிப்பட்ட ஆளுகிட்டதான் அந்தப் பேக்கப் பெட்டி வந்து சேந்துது.

அதுக்கு முந்தின மழையில ஆபீஸ் கீழ்த்தளத்துல முழங்காலுக்குத் தண்ணி ஏறி, கம்ப்யூட்டர்ல இருந்த வரிக் கணக்கு அத்தனையும் நாசம். அதனால சர்வரை மாடிக்கு ஏத்தணும், அதுல இருக்கிறதை எல்லாம் இன்னொரு காப்பி புடிச்சு வைக்கிற மாதிரி ஒரு பெட்டியும் வாங்கணும்னு முடிவாச்சு. கவுன்சில் கூட்டத்துல கவுன்சிலர் ஆரோக்கியராஜ் எகிறுனாரு. "எங்க வார்டுல தெரு லைட்டு எரியல, சாக்கடை அள்ளல, ஒரு டப்பாவுக்கு இத்தினி பணமா? அது இன்னா மேடம் பண்ணும்?" புதுசா வந்திருந்த கமிஷனரம்மா பொறுமையா, "இருக்கிறதை எல்லாம் இன்னொரு காப்பி எடுத்து வச்சிருக்கும் சார்"னாங்க. "அட, அதுக்கு பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடை பத்தாதா?"ன்னாரு அவரு. கூட்டமே சிரிச்சுது. சிரிச்சுக்கிட்டே தீர்மானத்தையும் பாஸ் பண்ணிட்டாங்க.

டெண்டர் விட்டதுல சிதம்பரத்து கம்பெனி ஒண்ணு எடுத்துது. அவங்க இஞ்சினியர் இம்தியாஸ் வந்து பெட்டிய மாட்டுனாரு. சின்ன வயசு, நல்ல மரியாதையான புள்ள. மேல ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை அவரு சர்ருன்னு உரிச்சப்ப நம்மாளு ஓடிப் போயி அதைப் பத்திரமா மடிச்சு எடுத்து வச்சுக்கிட்டாரு. "சார், சர்வர்ல ஏறுற எல்லாத்தையும் இது தானாவே இழுத்து வச்சுக்கும். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். ஆஃப் மட்டும் பண்ணிடாதீங்க"ன்னாரு இம்தியாஸ். "சேச்சே, நான் ஏன்பா பண்ணப் போறேன்?"னாரு தேவநாதன்.

ஆயுத பூஜை வந்துது. நம்ம ஊரு ஆபீஸ்ல ஆயுத பூஜைன்னா இன்னா லட்சணத்துல நடக்கும்னு உங்களுக்குத் தெரியாததா? ஜீப்பு, கொசு மருந்து அடிக்கிற மிஷின், தண்ணி லாரி, எல்லாத்தையும் கழுவி சந்தனம் குங்குமம் வச்சாச்சு. வருஷம் பூரா ஒழச்ச கருவிக்கு அன்னிக்கு ஒரு நாளு ஓய்வு. தேவநாதன் மாடிக்குப் போயி சர்வரை நிறுத்துனாரு, பேக்கப் பெட்டியையும் நிறுத்துனாரு. ரெண்டுக்கும் பொட்டு வச்சு, சாமந்தி மாலை போட்டு, சூடம் காட்டிக் கன்னத்துல போட்டுக்கிட்டாரு. அது வரைக்கும் தப்பே இல்ல.

லீவு முடிஞ்சு வந்து சர்வரை ஓட விட்டாரு. பெட்டிகிட்ட கை போச்சு, நின்னுடுச்சு. புது மெருகு கலையாம, மாலையும் பொட்டுமா, கல்யாணப் பொண்ணு மாதிரி உக்காந்திருக்குது. ராவும் பகலும் சூடாகி இரையுற பொருளு, கொஞ்ச நாளு ஓய்வெடுத்தா இன்னா கொறஞ்சிடும்? ஆடிட்காரங்க வந்து பாக்குறப்ப புதுசா இருந்தா நமக்குத்தான பெருமை? ஸ்டோர்லேர்ந்து நல்ல தடிமனான பிளாஸ்டிக் உறை ஒண்ணக் கொண்டாந்து, மாலையோட சேத்துப் போத்தி, பதமாக் கதவைச் சாத்திட்டு வந்துட்டாரு. நாளைக்குப் போட்டுக்கலாம், நாளைக்குப் போட்டுக்கலாம்னு அது அப்படியே மறந்தே போச்சு. அடப்பாவி மனுஷா, பேக்கப்புக்கு எதுக்குய்யா ஓய்வு?

அந்தச் சமயம்தான் பழைய மார்க்கெட்டை இடிச்சிட்டுப் புதுசு கட்ட ஏற்பாடு நடந்துது. தரையில கடை போட்டு உக்காந்திருக்கிறவங்கள அவங்கவங்க எடத்துலயே வச்சுப் போட்டோ எடுக்கணும், போட்டோவுல இருக்கிறவங்களுக்குத்தான் புதுக் கட்டடத்துல எடம், அதான் சட்டம். போட்டோ எடுக்க ஆபீஸ்ல குடுத்த டேப்லெட்டைத் தூக்கிக்கிட்டு வரிசை வரிசையாப் போனது தேவநாதன். கடைசியா எடுத்தது கருவாட்டு வரிசை. அந்த வரிசையில கோடியில உக்காந்திருக்கிறது கிள்ளையிலேர்ந்து வர்ற இருசம்மாள். புருஷன் போன நாளா கூடையோட பஸ் ஏறி வந்து நெத்திலியும் சென்னாகுன்னியும் வித்து, ஒரே புள்ளைய ஆளாக்கிக் கல்யாணமும் பண்ணி வச்ச பொம்பள. தேவநாதன் அவங்களுக்கு வாடிக்கை. இவரு அக்காம்பாரு, அவங்க தம்பிம்பாங்க.

"இரு தம்பி, அவசரப்படாத"ன்னு முந்தானையால மூஞ்சியத் தொடச்சு, கொண்டைய சரி பண்ணிக்கிட்டாங்க இருசம்மாள். "பல்லு தெரிய சிரிக்கலாமா, இல்ல அதுக்கும் எதுனா சட்டம் கிட்டம் இருக்குதா?" தேவநாதன் சிரிச்சிட்டாரு. "நல்லா சிரிங்கக்கா." எடுத்தாச்சு. ஆபீசுக்கு வந்து எல்லாப் போட்டோவையும் சர்வர்ல ஏத்திட்டு, எடம் பத்தலன்னு டேப்லெட்டுலேர்ந்து அழிச்சாச்சு. மத்த வரிசைக்காரங்களுக்கு அடையாள அட்டை அடிச்சுக் குடுத்தாச்சு. கருவாட்டு வரிசைக்கு மட்டும் பாக்கி. மார்க்கெட்டையும் இடிச்சுத் தரைமட்டம் ஆக்கிட்டாங்க.

ஐப்பசி மழை புடிச்சுது. ஒரு மத்தியானம் விழுந்துது பாருங்க ஒரு இடி, ஆபீஸ் சுவரே அதிர்ந்துது. கரண்டு போயி வந்தப்ப சர்வர்லேர்ந்து கருகுன வாடை. சர்வர் காலி.

கமிஷனரம்மா மாடிக்கே ஓடியாந்தாங்க. "தேவநாதன் சார், பேக்கப் இருக்குல்ல?" "இருக்கு மேடம்"னாரு. நாக்கு தானாச் சொல்லிடுச்சு. எல்லாரும் எறங்கிப் போனப்பறம் தனியா நின்னு உறைய எடுத்தாரு. சாமந்தி கருகி ஒட்டிப் போயிருக்குது. ஸ்விட்சப் போட்டாரு. ஆயுத பூஜைக்கு முந்தின நாளு வரைக்கும் எல்லாம் பத்திரமா இருந்துது. அதுக்கப்பறம் ஒண்ணுமே இல்ல. கருவாட்டு வரிசையும் இல்ல. அங்கியே தரையில உக்காந்துட்டாரு மனுஷன்.

கீழ எறங்கி வந்தாரு. "கடைசி கொஞ்ச நாளு மட்டும் ஏறல மேடம், இடி விழுந்ததுல போயிருக்கும்"னாரு. வரிக் கணக்கு பூரா தப்பிச்சுதேன்னு ஆபீசே ஆனந்தக் கூத்தாடுச்சு. விடுபட்ட நாளுக்கு ரசீதுக் கட்டையப் பாத்து ஏத்திட்டாங்க. இதுல கொடுமை இன்னான்னா, மறுவாரம் ஊழியர் கூட்டத்துல தேவநாதன மேடையில ஏத்தி, "இவர் பத்திரமாப் பாத்துக்கிட்டதாலதான் நம்ம மானம் பொழச்சுது"ன்னு கமிஷனரம்மா பொன்னாடை போத்துனாங்க. கைதட்டல் காதைப் பொளந்துது. வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. திருடனுக்குத் தேள் கொட்டுன மாதிரி, வலிய வாயுக்குள்ள மென்னுக்கிட்டுக் கும்பிடு போட்டாரு.

கருவாட்டு வரிசைப் போட்டோ போனதை வெளிய விடாம, வேற அத்தாட்சி இருந்தாப் போதும்னுட்டாரு தேவநாதன். அந்த வரிசையில மத்தவங்க எல்லாம் மார்க்கெட் குத்தகைக்காரன் குடுத்த பழைய டிக்கெட்டு, சங்கத்து அட்டைன்னு எதையோ காட்டி எடம் வாங்கிட்டாங்க. இருசம்மாகிட்ட ஒண்ணும் கெடயாது. டிக்கெட்டக் கிழிச்சு அன்னன்னிக்கே பல்லு குத்துற ஆளு அவங்க. நேரா தேவநாதன் மேசைக்கு வந்துட்டாங்க. "இன்னா தம்பி, எல்லாருக்கும் அட்டை குடுத்தீங்க, எனக்குக் காணமே?"

அந்த நேரம் பாத்து மேனேஜரு பக்கத்துல நிக்கிறாரு. பொன்னாடை அலமாரியில மடிச்ச மடிப்புக் கலையாம இருக்குது. தேவநாதன் நிமிந்து பாக்காமயே சொன்னாரு: "நீங்க அன்னிக்கு வரலியேக்கா."

"வரலியா? அட, இன்னா தம்பி நீயி? சிரிக்கலாமான்னு கூடக் கேட்டனே, நீதான நல்லா சிரிங்கன்ன?"

"அது வேற எப்பனா இருக்கும். ரேஷன் கார்டுக்கு எடுத்தாங்களே, அதை நெனச்சுக்கிட்டுச் சொல்றீங்க."

சண்ட போடுவாங்கன்னு தேவநாதன் காத்திருந்தாரு. கருவாட்டுக் கடைக்காரி வாயத் தொறந்தா மார்க்கெட்டே அடங்கும். ஆனா அவங்க, "அப்படியா?"ன்னு மட்டும் கேட்டுட்டு, வெறுங்கூடைய இடுப்புல வச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. நம்மாளுக்கு நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருந்துது. புடுங்கிக்கல. சாயங்காலம் பஸ் புடிச்சு வீட்டுக்குப் போயி, பவானி வச்ச கருவாட்டுக் கொழம்பத் தொடாம, மோரு ஊத்திக்கிட்டுக் கை கழுவிட்டாரு.

அப்பறம் ஒரு சனிக்கெழம சர்வர்ல கருகிப் போன டிஸ்கை மஞ்சப்பையில போட்டுக்கிட்டு சிதம்பரம் போனாரு. எப்படியாச்சும் அந்த ஒரு போட்டோ கெடச்சிட்டா, சத்தமில்லாம அட்டைய அடிச்சுக் குடுத்துட்டு மானத்தோட தப்பிச்சிடலாம்னு கணக்கு. இம்தியாஸ் டிஸ்கைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு உதட்டைப் பிதுக்குனாரு. "இது முடிஞ்சுது சார். ஆனா நீங்க எதுக்குக் கவலப்படுறீங்க? பெட்டியில இருக்குமே."

வேற வழியில்லாம உள்ளதைச் சொன்னாரு தேவநாதன். தலை கவுந்தே கெடந்துது. இம்தியாஸ் சிரிக்கல, திட்டவும் இல்ல. "எங்க கடையிலயும் பசங்க பூஜை போடுவாங்க சார். மறுநாளு போட்டு விட்டுடுவாங்க"ன்னு மெதுவாச் சொல்லிட்டு, டிஸ்கைப் பைக்குள்ள வச்சுக் குடுத்தாரு. புள்ள வயசுப் பையன் முன்னாடி அப்படிக் கூனிக் குறுகி நின்னது இவருக்கு அதுவே மொத தடவ.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்தா, கிள்ளை பஸ் நிக்கிற எடத்துல இருசம்மாள்! பக்கத்துல மருமவ சத்யப்பிரியா, இடுப்புல கொழந்தை. ஒதுங்கிடலாம்னுதான் பாத்தாரு. அவங்க பாத்துட்டாங்க.

"தம்பி! இங்க எங்க?"

"சும்மா ஒரு வேலையாக்கா. நீங்க?"

"ஆசுபத்திரிக்குத்தான். எனக்கு மறதி வியாதியாம் தம்பி." யாரோ பக்கத்து வீட்டுக்காரிக்கு வந்த காய்ச்சலைச் சொல்ற மாதிரி சொன்னாங்க. "எங்கம்மாவுக்கும் கடைசியில இப்படித்தான். பெத்த புள்ளையப் பாத்து யாருன்னு கேட்டா. போட்டோ எடுத்தாங்க, சிரிச்சேன்னு நான் வீட்டுல அடிச்சுச் சொன்னேன். நீங்க இல்லன்னுட்டீங்களா, அதுலேர்ந்து எம்புள்ளையும் இவளும் பயந்துக்கிட்டாங்க. மாத்தர குடுத்திருக்காங்க. தின்னா கிறுகிறுன்னு வருது."

சொல்லிடுடா, சொல்லிடுடான்னு உள்ள ஒண்ணு அடிச்சுக்குது. அதுக்குள்ள பஸ்ஸைத் திருப்பிட்டான். சத்யப்பிரியா மாமியாக்காரி கையப் புடிச்சு, பள்ளிக்கூடத்துப் புள்ளைய ஏத்துற மாதிரி ஏத்துனா. பஸ்ஸு போன பெறவும் அதே எடத்துல நின்னாரு தேவநாதன். தன்னை நெனச்சாத் தனக்கே அருவருப்பா இருந்துது. ரிட்டயர்டு ஆக கொஞ்ச காலம்தான் இருக்குது, பொன்னாடை போத்துன கையே மெமோ குடுக்கும், ஊரே சிரிக்கும்னு புத்தி ஒரு பக்கம் கணக்குப் போட்டுக்கிட்டே இருந்துது. அந்தக் கணக்குதான் ஜெயிச்சுது. பொங்கல் வந்து போற வரைக்கும் வாயத் தொறக்கல.

பொங்கல் கழிச்சு, எடம் கெடைக்காம மனு எழுதிக் குடுத்தவங்களக் கூப்புட்டுக் கமிஷனரம்மா விசாரிச்சாங்க. இருசம்மாவும் மருமவளும் வந்திருந்தாங்க. தேவநாதன் கமிஷனரம்மாவுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தாரு. அன்னிக்கும் அவரு சொல்ற முடிவோட வரல. ஏதாவது ஒரு வழி தானாப் பொறக்கும்னு கோழைத்தனமா நெனச்சுக்கிட்டுதான் வந்தாரு.

"போட்டோ எடுத்த அன்னிக்கு நீங்க வரலன்னு சொல்றாங்களேம்மா?"ன்னாங்க கமிஷனரம்மா.

இருசம்மாள் எழுந்து நின்னாங்க. பழைய சத்தம் இல்ல. "வரல போலங்க மேடம். வந்த மாதிரிதான் எனக்குத் தோணுது. ஆனா எனக்கு இப்பத் தோணுறதெல்லாம் நம்புற மாதிரி இல்லீங்க. தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும். நல்ல மனுஷன், என்னைப் போயி ஏமாத்தப் போறாரா? எடம் இல்லன்னாலும் பரவால்லீங்க, நான் எதுனா தப்பா எழுதிக் குடுத்திருந்தா மன்னிச்சுக்குங்க."

மன்னிப்புக் கேட்டாங்க. அந்தப் பொம்பள மன்னிப்புக் கேட்டாங்கய்யா! அதுக்கு மேல தேவநாதனால நிக்க முடியல.

"மேடம், அவங்க வந்தாங்க. நாந்தான் போட்டோ எடுத்தேன்."

அறையில இருந்த அத்தனை பேரும் திரும்புனாங்க. அவரு நிறுத்தல, நிறுத்துனா மறுபடி வாய் மூடிக்கும்னு அவருக்குத் தெரியும். ஆயுத பூஜை, மாலை, உறை, இடி, பொன்னாடை, எல்லாத்தையும் கொட்டுனாரு. கண்ணுல தண்ணி முட்டுது, தொடைக்கக் கூட வெக்கம். "இத்தினி பணம் போட்டு வாங்குன பெட்டிய மாலை போட்டு மூடி வச்சிருந்தீங்களா?"ன்னு கமிஷனரம்மா கேட்டாங்க. "ஆமாங்க மேடம்." "எல்லாம் தெரிஞ்சேதான் பொன்னாடைய வாங்கிக்கிட்டீங்களா?" "ஆமாங்க மேடம்." அவங்க கையில இருந்த ஃபைலை மூடுனாங்க. அப்பறம், "இந்தம்மாவுக்கு எடம் ஒதுக்குங்க. நீங்க நடந்ததை எழுதிக் குடுத்துட்டுப் போங்க, உங்க விஷயத்தை அப்பறம் பாக்குறேன்"னாங்க.

எடம் கெடச்ச சேதி இருசம்மா காதுல ஏறுன மாதிரியே தெரியல. தேவநாதன் கிட்ட வந்தாங்க.

"அப்ப நான் அன்னிக்கு வந்தேன்?"

"வந்தீங்கக்கா."

"சிரிச்சேன்?"

"சிரிச்சீங்கக்கா."

"எனக்குப் புத்தி பெசகல?"

"இல்லக்கா. ஒண்ணுமே இல்ல உங்களுக்கு."

திட்டுவாங்கன்னு நெனச்சாரு. செருப்பக் கழட்டுனாக் கூடப் பரவால்ல, வாங்கிக்கலாம்னுதான் நின்னாரு. அவங்க வாசப்பக்கம் கொழந்தையோட நின்ன மருமவளக் காட்டி, சின்னக் கொரல்ல சொன்னாங்க.

"எடம் கெடக்குது தம்பி, ரோட்டுல உக்காந்தாவது வித்துப் பொழச்சிருப்பேன். எங்கனா மறந்து வச்சிட்டு வந்துடுவேன்னு என் பேரனை எங்கிட்டத் தர மாட்டேங்குறாங்க. அதுங்களக் குத்தம் சொல்ல முடியாது, நானே எனக்குப் பயந்துக்கிட்டு வேணாம்மா, நீயே வச்சுக்கன்னுட்டேன். ஒரு வார்த்தை, எங்கிட்ட மட்டும், காதோட சொல்லியிருக்கலாம்ல? நான் யாருகிட்டயும் சொல்லியிருக்க மாட்டேனே தம்பி."